பல்கலைக்கழக நூலகத்தில் மாற்றத்தை முன்னெடுக்க விரும்பும் புதிய நூலகருக்கு

பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்ணங்களோடு உள்ளே வருகிறார்கள். வகுப்பில் படித்த நவீன நூலகத்தை இங்கே உருவாக்கிவிட வேண்டும் என்பது முதல் எண்ணம். இங்கே இருப்பவர்கள் அதற்கு இடங்கொடுக்கமாட்டார்கள் என்பது அடுத்தது. இரண்டுமே அனுபவத்துக்கு முன்பே வந்துவிடுகிற முடிவுகள். பல ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தவன் என்ற முறையில், மென்பொருளோ கருவியோ வாங்கியதால் மட்டும் மாறிய நூலகம் எதையும் நான் பார்த்ததில்லை. பதிவேட்டில் இருப்பதும் அடுக்கில் இருப்பதும் ஒன்றாகி, அந்த ஒற்றுமையைக் காப்பாற்றும் பொறுப்பை ஊழியர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்ட இடங்களில்தான் மாற்றம் நிலைத்திருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கான வழியை, நான் நடந்து பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

தகுதி விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உதவி நூலகர் பதவிக்கு நூலகத் தகவல் அறிவியலில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். ஊதியம் கல்விசார் நிலை 10இல், 57,700 ரூபாய் அடிப்படையில் தொடங்குகிறது. துணை நூலகராக நேரடியாகத் தேர்வாவதற்கு முனைவர் பட்டமும் 8 ஆண்டு அனுபவமும், பல்கலைக்கழக நூலகராவதற்கு முனைவர் பட்டமும் 10 ஆண்டு அனுபவமும் கேட்கப்படுகின்றன. இந்த இரு பதவிகளுக்கும் விதியில் இன்னொரு வரி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. தகவல் தொழில்நுட்பத்தை நூலகத்தில் இணைத்தது உட்பட, புதுமையான நூலகச் சேவை செய்ததற்கான சான்று வேண்டும் என்பதே அந்த வரி. மாற்றத்தை முன்னெடுப்பது இங்கே விருப்பத்தோடு நின்றுவிடும் காரியமாக இல்லை, பதவி உயர்வுக்கான தகுதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அலுவலக ஆணையின் நகல், நூலகக் குழுக் கூட்டக் குறிப்பு, வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த கணக்கு ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து நேர்காணலுக்கு முதல் நாள் இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் மூன்று மாதம்: பார்ப்பதும் குறிப்பதும்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றபோது அவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். நூலகத் துறையில் முற்றிலும் புதியவர். அவர் லண்டன் சென்று, யுனிவர்சிட்டி கல்லூரியில் நூலகவியல் பயின்று, இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரில் பார்த்து, எந்த நூலகத்தில் எது ஏன் நடக்கிறது என்று குறித்துக்கொண்டு 1925இல் திரும்பினார். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்தது 1931இல்; நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்பு முறை வந்தது 1933இல். இன்று உலகம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் சாதனைகள் பொறுப்பேற்று ஏழு, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகே அச்சேறின என்பதைப் புதியவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு அவர் செலவிட்ட காலம் எந்த வகையிலும் வீண்போகவில்லை.

உங்களுக்கு லண்டன் போக வேண்டிய தேவை இல்லை. புத்தகம் கொடுத்து வாங்கும் வழங்கு மேசைக்குப் போனால் போதும். சேர்ந்த முதல் மாதத்தில் இரண்டு வாரம் அந்த மேசையில் உட்காருங்கள். பதவிக்குப் பொருந்தாத வேலை என்று யாராவது சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு, வாசகர் என்ன கேட்டார், எந்தத் துறை, பதில் கிடைக்க எத்தனை நிமிடம் ஆனது, கடைசியில் கிடைத்ததா என்று குறியுங்கள். நான் அப்படிக் குறித்தபோது மீண்டும் மீண்டும் வந்த கேள்வி ஒன்றுதான்: “கணினியில் இருக்கிறது என்று காட்டுகிறது, அடுக்கில் இல்லையே?” மின்னிதழ்களைப் பற்றியும் தரவுத்தளங்களைப் பற்றியும் திட்டம் தீட்டிக்கொண்டு வந்திருந்த எனக்கு, முதலில் தீர்க்க வேண்டியது எது என்பதை அந்த நோட்டுதான் காட்டியது.

அந்த நாட்களில் ஒரு பிற்பகல், ஆய்வு மாணவி ஒருவர் கேட்ட கல்வெட்டியல் நூலை நானும் கூப்பிடு எண்ணை (நூல்களை அடுக்கும் வரிசையைக் குறிக்கும் எண்) வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினேன். ஓய்வுபெற இரண்டு ஆண்டே இருந்த நூலக உதவியாளர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். நூலின் பெயரைச் சொன்னதும் சீட்டைக்கூட வாங்கவில்லை. “சிவப்பு காலிகோ பைண்டிங் சார், முதுகில் எழுத்து அழிஞ்சிருக்கும், பெரிய சைஸ்ங்கிறதால ஜன்னல் பக்கத்து ரேக்கில் படுக்க வெச்சிருப்போம்” என்று சொல்லிக்கொண்டே நடந்து, கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்து, தூசியைத் துணியால் துடைத்து அந்த மாணவியிடம் கொடுத்தார். பட்டியலில் அந்த நூலுக்கு எண் இருந்தது, இடம் இல்லை. இடம் அவருடைய நினைவில் இருந்தது. இரண்டு ஆண்டில் அவர் ஓய்வு பெறும்போது அந்த இடமும் அவரோடு போய்விடும். பெரிய அளவு நூல்கள், பைண்டிங்குக்குப் போனவை, பேராசிரியர் அறையில் ஆண்டுக்கணக்கில் இருப்பவை, துறை நூலகத்துக்கு மாற்றப்பட்டவை என எல்லாவற்றையும் அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதி, பட்டியலில் இருப்பிடக் குறிப்பாக ஏற்றினோம். நான் செய்த வேலைகளில் மிகப் பயனுள்ளதாக இன்றும் இதையே கருதுகிறேன்.

பட்டியலைச் சீர்செய்தல்

இதுதான் அதிக உழைப்பைக் கேட்கும் படி. அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் படியும் இதுவே. புதிய மென்பொருளுக்கு மாறுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அழுக்குத் தரவை நல்ல மென்பொருளில் ஏற்றினால், அழுக்கு விரைவாகத் தேடக் கிடைக்கும். வேறு எதுவும் நடக்காது.

முதலில் அக்ஸஷன் எண்களை, அதாவது நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு பிரதிக்கும் பதிவேட்டில் தரப்படும் வரிசை எண்களைப் பாருங்கள். நாங்கள் ஒரு முறை, மைய நூலகத்தின் தரவையும் துறை நூலகங்களின் தரவையும் ஒன்றாகச் சேர்த்து கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் ஏற்றினோம். அக்ஸஷன் எண்ணையே பார்கோடு எண்ணாகவும் வைத்திருந்தோம். ஒவ்வொரு துறை நூலகமும் தனித்தனிப் பதிவேட்டில் 1 என்ற எண்ணிலிருந்து தொடங்கியிருந்தது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. கோஹாவில் ஒரு பார்கோடு ஒரு பிரதிக்கு மட்டுமே இருக்க முடியும். எனவே ஏற்கெனவே உள்ள எண்ணோடு வந்த பிரதிகளை அது சேர்க்காமல் விட்டுவிட்டு, பிழையறிக்கையில் அதைக் குறித்தும் காட்டியது. அந்த அறிக்கையை நாங்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஒரு மாணவர் புத்தகத்தைத் திருப்பித் தர வந்து, அதன் பார்கோடைப் படித்தபோது வேறொரு துறையின் வேறொரு நூல் திரையில் வந்தது. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு துறைக்கும் ஓர் எழுத்தை முன்னொட்டாகக் கொடுத்து, புதிய பார்கோடு அச்சிட்டு, எல்லாவற்றையும் மீண்டும் ஒட்டினோம். நீங்கள் இதை ஏற்றுவதற்கு முன்பே செய்யுங்கள். பழைய எண்ணை மட்டும் அழிக்க வேண்டாம்: அது பதிவேட்டிலும் தலைப்புப் பக்கத்திலும் இரகசியப் பக்கத்திலும் (அடையாளத்துக்காக நூலகம் நூலின் உள்ளே தேர்ந்துகொள்ளும் ஒரு பக்கம்) முத்திரையாக இருக்கும், தணிக்கையில் அதைத்தான் கேட்பார்கள். லேபிள் கிழிந்துபோன நூலை அடையாளம் காணவும் இரகசியப் பக்கத்தின் எண்தான் கைகொடுக்கும்.

அடுத்தது தமிழ் நூல்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களின் பழைய தரவுத்தளங்களில் தமிழ்த் தலைப்புகள் இரண்டு விதமாகக் கெட்டுக் கிடக்கின்றன. சில இடங்களில் பாமினி, டேப், டேம் போன்ற பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். வேறு சில இடங்களில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில், தட்டச்சு செய்தவர் காதுக்கு ஏற்றபடி எழுதியிருப்பார்கள். ‘திருக்குறள்’ என்ற ஒரு சொல்லே ஒரே தரவுத்தளத்தில் ஐந்தாறு வடிவங்களில் இருப்பதைப் பார்க்கலாம். எந்த வடிவத்தில் தேடினாலும் மற்றவை வரா. தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே பழைய எழுத்துருத் தரவை எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு யுனிகோடுக்கு மாற்றி, நூலைக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அந்த மென்பொருள் ஒற்றுப்பிழைகளை உண்டாக்கும். கண்ணால் பார்க்காமல் விட வேண்டாம். ஆங்கில எழுத்து வடிவமும் தேவைப்பட்டால் ஐஎஸ்ஓ 15919 போன்ற ஒரே ஒரு எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றி, மார்க் 21 (கணினிப் பட்டியலுக்கான பதிவு வடிவம்) பதிவின் 880ஆம் புலத்தின் வழியாக இரு வரிவடிவங்களையும் இணைத்து வையுங்கள்.

ஆசிரியர் பெயர் இதைவிடச் சிக்கலானது. மேலைநாட்டுப் பட்டியல் விதிகள் குடும்பப் பெயரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழருக்கு முன்னெழுத்தும் இயற்பெயரும்தான். உ.வே. சாமிநாதையரை எடுத்துக்கொண்டால், சாமிநாதையர், சாமிநாத ஐயர், சாமிநாதய்யர், சுவாமிநாதையர் எனப் பதிப்புக்குப் பதிப்பு பெயர் வேறுபடும். முன்னெழுத்து சில இடங்களில் முன்னால், சில இடங்களில் பின்னால். ஒரே ஆசிரியருக்கு ஒரே வடிவம் என்று முடிவு செய்து, மற்ற எல்லா வடிவங்களையும் அதற்கு வழிகாட்டுக் குறிப்புகளாகச் சேர்க்கும் பெயர்க்கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். முதலில் தமிழ்த்துறையின் ஒரு பேராசிரியரையும் பட்டியல் பிரிவில் அனுபவமுள்ள ஒருவரையும் உட்காரவைத்து, உங்கள் நூலகத்தில் அதிக நூல்கள் உள்ள 200 ஆசிரியர்களுக்கு மட்டும் செய்யுங்கள். அந்த 200 பெயரை முடிக்கும்போதே தேடல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வேலைக்கு விருதும் கிடைக்காது, திறப்பு விழாவும் நடக்காது. ஆனால் வாசகர் நேரத்தைச் சேமிக்கச் சொல்லும் நான்காம் விதி நம் ஊரில் நடைமுறைக்கு வருவது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மென்பொருளுக்கு மாறுதல்

கோஹா 1999இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்ட திறந்தமூல மென்பொருள். மாவோரி மொழியில் அந்தப் பெயருக்குக் கொடை என்று பொருள். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதுவோ, மானியக் குழுவின் கீழ் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் உருவாக்கிய சோல் மென்பொருளோ இருக்கும். கோஹாவுக்கு உரிமக் கட்டணம் கிடையாது; ஆனால் வழங்கி (சர்வர்), காப்புப்பிரதி, அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் மூன்றுக்கும் செலவு உண்டு. நிதி அலுவலரிடம் இலவசம் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு வழங்கிக்குப் பணம் கேட்டுப் போனால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். ஐந்து ஆண்டுச் செலவையும் முதல் கோப்பிலேயே எழுதுங்கள்.

தரவு சுத்தமான பிறகு ஒரு துறையின் நூல்களை மட்டும் சோதனையாக ஏற்றுங்கள். ஏற்றியதும் 100 நூல்களை அடுக்கிலிருந்து எடுத்து வந்து ஒவ்வொன்றையும் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிறகு திரையில் 100 பதிவுகளை எடுத்துக்கொண்டு அடுக்குக்குப் போய்த் தேடுங்கள். இரு திசையிலும் பார்த்தால்தான் விடுபட்டதும் தெரியும், இல்லாததும் தெரியும். பிழையறிக்கையை அச்சிட்டு, ஒவ்வொரு வரியாகக் கோடிட்டுப் படியுங்கள். முழு மாற்றத்தைப் பருவத் தேர்வுகள் முடிந்த விடுமுறையில் வையுங்கள். மாறிய பின்பும் ஒரு மாதம் வழங்கு மேசையில் கைப்பதிவேடு ஒன்று திறந்தே இருக்கட்டும். மின்தடை வந்தாலும் வாசகர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

உடன் பணிபுரிகிறவர்கள்

புதியவர் செய்யும் பெரிய தவறு, பயிற்சி வகுப்பு ஒன்று நடத்திவிட்டு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைப்பது. நாற்பத்தைந்து வயதில், அட்டைப் பட்டியலில் கைதேர்ந்த ஒருவருக்குக் கணினித் திரையின் முன்னால், அதுவும் மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது தடுமாற நேர்வது பெரிய அவமானம். அவர் எதிர்ப்பது கணினியை அன்று, அந்த நிமிடத்தைத்தான். வாசகர் வராத காலை நேரத்தில், கதவு திறப்பதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து தினம் ஒரே ஒரு செயலைச் செய்து பழகச் சொல்லுங்கள்: ஒரு நாள் கொடுப்பது, ஒரு நாள் வாங்குவது, ஒரு நாள் முன்பதிவு. முதலில் கற்றுக்கொண்டவரையே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள். மாற்றத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் தற்காலிகப் பணியாளர்களுக்கு உண்மையிலேயே உண்டு. உங்களால் உறுதி தர முடியாததைத் தர வேண்டாம். ஆனால் அவர்கள் பெயரும் வேலையும் ஒவ்வொரு அறிக்கையிலும் இடம்பெறும்படி எழுதுங்கள். அடுத்த முறை பணி நீட்டிப்புக்கான கோப்பு போகும்போது அந்த அறிக்கை அவர்களுக்காகப் பேசும்.

மேலிடத்தைப் பொறுத்தவரை, நூலகக் குழுவுக்குக் கொண்டுபோகும் எந்த முன்மொழிவும் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்ன குறை, அதற்கு வழங்கு மேசை நோட்டிலிருந்து என்ன ஆதாரம், என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு செலவு, யார் பொறுப்பு, எப்போது முடியும் என்பவை போதும். குழுவில் உள்ள பேராசிரியர்களில் இரண்டு பேரையாவது கூட்டத்துக்கு முன்பே அவர்கள் துறைக்குச் சென்று பாருங்கள். கூட்டத்தில் முதன்முறையாகக் கேட்கும் எதையும் ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்று ஒத்திவைப்பதுதான் எல்லாக் குழுக்களின் வழக்கமும். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் நூலகத்துக்குத் தனி இடம் இருப்பதால், உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் உங்களுக்கு இயல்பான துணை. அவருக்கு வேண்டிய கணக்கை அவர் கேட்பதற்கு முன்பே கொடுங்கள்.

பழைய நூல்களைக் கழிப்பது பற்றிய அச்சத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இடம் இல்லை என்று எல்லாரும் புலம்புவார்கள், கையெழுத்துப் போட யாரும் வரமாட்டார்கள். இழப்புக்குத் தன் ஊதியத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு வேண்டும். 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு போதும். வழங்கப்பட்ட, படிக்கப்பட்ட ஒவ்வொரு 1,000 நூலுக்கும் ஆண்டில் 5 வரை இழப்பு ஏற்கத்தக்கது, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத வரை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உங்கள் சொந்த விதியோ அரசாணையோ என்ன சொல்கிறது என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி, அதையும் இதையும் சேர்த்துக் குழுவின் முன் வையுங்கள். விதி கண்முன் இருந்தால் கையெழுத்து வரும். தமிழ் நூல்களில் மட்டும் கூடுதல் நிதானம் தேவை. 1950க்கு முந்தைய சிறு பதிப்பகத்து நூல் உங்கள் அடுக்கில் இருப்பது கடைசிப் பிரதியாகவும் இருக்கக்கூடும்.

மின்வளங்களும் ஆய்வாளர்களும்

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் புதிய நூலகர் உடனே செய்ய வேண்டியது ஒன்று: உங்கள் நூலகம் தனியாகப் பணம் கட்டும் இதழ்ப் பட்டியலை எடுத்து, இந்தத் திட்டத்தின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டிலும் உள்ளவற்றைப் புதுப்பிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்து, மிச்சமாகும் தொகையைத் திட்டத்தில் இல்லாத தமிழியல், வரலாறு, சமூகவியல் வளங்களுக்குக் கேளுங்கள். பணம் மிச்சமானதைக் காட்டும் அதே கோப்பில் இதைக் கேட்காவிட்டால், அந்தத் தொகை அடுத்த ஆண்டு நூலகத்துக்கான நிதி ஒதுக்கீட்டில் இருக்காது.

மிச்சமிருக்கும் சந்தாக்களுக்கு, பதிப்பகம் தரும் பயன்பாட்டு அறிக்கையிலிருந்து முழுக் கட்டுரை எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை எடுத்து, கட்டிய தொகையை அதனால் வகுத்துப் பாருங்கள். குறைவாகப் பயன்படுவது எல்லாம் நிறுத்தத்தக்கது என்று முடிவு கட்டவும் வேண்டாம். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைவது எப்படி என்று யாரும் சொல்லித்தராததாலும் எண் குறையும். துறைதோறும் போய், ஆய்வாளர் கைபேசியிலேயே நுழைந்து ஒரு கட்டுரையை இறக்கிக் காட்டுவது, கூடத்தில் நடத்தும் ஒரு நாள் பயிலரங்கைவிட அதிகம் பயன் தருகிறது.

ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற தேசிய மின்களஞ்சியத்தில் ஏற்றும் பொறுப்பும் பெரும்பாலும் நூலகத்துக்கே வரும். மானியக் குழு 2009 முதல் மின்வடிவ ஆய்வேட்டை விதியாக்கியிருக்கிறது. தமிழ் ஆய்வேடுகளில் பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்து தேடக் கிடைக்கிறதா, யுனிகோடில் இருக்கிறதா என்று ஒப்படைக்கும் அன்றே பார்த்து வாங்குங்கள். பட்டம் வாங்கிப் போனவரிடம் திரும்பக் கேட்க முடியாது. கருத்துத்திருட்டுச் சோதனையில் 10 விழுக்காடு வரை சிறு ஒப்புமையாகக் கருதித் தண்டனையின்றி விடலாம் என்று 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் வைத்துச் சான்று தராமல், மேற்கோள்களையும் மூலநூற் செய்யுள்களையும் கழித்துவிட்டுப் பாருங்கள். சங்கப் பாடல்களை ஆராய்கிறவருக்கு அந்தப் பாடல்களே ஒப்புமையாக எண்ணப்பட்டு அவர் அலைக்கழிவதை நான் கண்டிருக்கிறேன்.

இடமாற்றமோ பதவி உயர்வோ வருவதற்கு முன்பே ஒப்படைப்புக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்குங்கள். வழங்கியின் நிர்வாகக் கடவுச்சொல் எந்த மூடிய உறையில், யாருடைய பீரோவில் இருக்கிறது, காப்புப்பிரதி எந்த நேரத்தில் எங்கே எடுக்கப்படுகிறது, அதைக் கடைசியாக எப்போது மீட்டுச் சோதித்தோம், துறை முன்னொட்டு எழுத்துகள் எவை, பெயர்க்கோப்பில் எந்தப் பெயர் வரை முடிந்திருக்கிறது, எந்தப் பேராசிரியரிடம் எந்த நூல்கள் நீண்டகாலமாக இருக்கின்றன என்பவற்றைக் கையால் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேதியிட்டுத் திருத்துங்கள். ஒரு பிரதி உங்கள் மேசையில் இருக்கட்டும். இன்னொன்றை வழங்கு மேசையின் இழுப்பறையில், எல்லாருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.